வாடகைக் குதிரை

6 ஜூன் 2025, வெள்ளி

பெரியபாளையம் தாண்டியதும் கம்பெனி பஸ் பஞ்சர். கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் முதல் ஷிப்ட் தொடங்கிவிட்டது. ஸ்டோர்ஸ் வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். காலை முழுவதும் வால்வுக்கான போல்ட்டும் கேஸ்கெட்டும் எடுத்துக் கொடுத்தே போயிற்று.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டிரெய்னிங் ஹாலில் நாற்காலி போதவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் ‘ஷேர் கிளாஸ்’ என்று ஆகிவிட்டது. போன வருஷம் பஸ்ஸில் யாருக்கோ மியூச்சுவல் ஃபண்ட் என்றால் என்ன என்று விளக்கப் போய் ஆரம்பித்தது இது. இன்று கடனில் மூழ்கிக் கிடக்கும் ஒரு கம்பெனியைப் பற்றிப் பேசினேன். “கடன்ங்கறது வாடகைக்கு எடுத்த குதிரை மாதிரி. ஓடினாலும் ஓடாட்டாலும் தீனி போட்டாகணும்” என்றேன். ஹாலே சிரித்தது. சங்கத்துக்குத் தலைவராக இருக்கும் ஃபிட்டர் சின்னராசு எழுந்து நின்று, “எப்டி சார் உனுக்கு மட்டும் இப்டிலாம் தோணுது?” என்றார்.

எனக்கு எங்கே தோன்றியது? நேற்று துலாக்கோலில் படித்தேன்.

“சும்மா படிக்கறதுதான்” என்று சிரித்தேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

7 ஜூன், சனி

துலாக்கோல் ஒரு பங்கு ஆராய்ச்சி இணையதளம். ஆங்கிலத்தில் வருகிறது. வருஷச் சந்தா கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கம்பெனியின் கணக்கையும் பிரித்துப்போட்டு, எங்கே பலம், எங்கே ஓட்டை என்று எழுதுகிறார்கள். வாங்கு, விற்றுவிடு என்று கூவுவதில்லை. நான் அதைப் படித்துத் தமிழில் சொல்கிறேன். மொழிபெயர்க்கிறவர் மூலத்தின் பெயரைச் சொல்லவேண்டும். முதல் வாரம் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாம் வாரம், மறந்ததைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவுமில்லை.

ஸ்டோர்ஸில் இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் “ஸ்டாக் இருக்கா” என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள்.

13 ஜூன், வெள்ளி

கிளாஸ் முடிந்ததும் சின்னராசு நிற்கச் சொன்னார். சங்கத்தின் நலநிதியிலிருந்து எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு சந்தா வாங்கப்போகிறார்களாம். “நீ ஒருத்தனே எத்தினி நாளிக்கு சார் சொல்லிக்கினு இருப்ப? நாங்களும் கத்துக்கணும்ல.” யாரோ விசாரித்ததில் இரண்டு பெயர் வந்திருக்கிறது. ஒன்று, கேண்டில் குருகுலம் — பங்குச் சந்தையைப் பாடம்போலச் சொல்லித்தரும் தமிழ் ஆப். இன்னொன்று — துலாக்கோல்.

“அது இங்கிலீஷாச்சே” என்றேன், சட்டென்று.

“அதான் உன்னாண்ட வுடறோம். ரெண்டையும் பாத்து, எது நமக்கு ஒத்துவரும்னு நீயே சொல்லிடு சார். நீ சொன்னா அதுக்கு மேல பேச்சு இல்ல.”

இங்கிலீஷ் என்று சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி. எதற்கு நிம்மதி?

16 ஜூன், திங்கள்

துலாக்கோலிலிருந்து மெயில். ஜூலையில் தமிழ்ப் பதிப்பு தொடங்குகிறார்கள். பழைய கட்டுரைகளும் தமிழில் வருமாம்.

குதிரையும் வரும்.

19 ஜூன், வியாழன்

கேண்டில் குருகுலத்தை இலவசமாக ஒரு வாரம் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. இன்று உட்கார்ந்தேன். முதல் சில பாடங்கள் நன்றாகவே இருக்கின்றன. பங்கு என்றால் என்ன, டிவிடெண்ட் என்றால் என்ன. பிறகு ஒரே மெழுகுவத்தி — பச்சை, சிவப்பு என்று விலையைக் காட்டும் கட்டங்கள். அதற்கப்பால் ‘நேரலை வகுப்பு’ என்று ஒன்று. பயிற்சியாளர் சந்தை நடக்கும்போதே தான் எதை வாங்குகிறார் என்று காட்டுவாராம். ‘தினமும் ஒரு வருமானம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பதிவு எண்ணைத் தேடினேன். ஆராய்ச்சி சொல்கிறவர்கள் போடவேண்டிய எண். இல்லை. கடைசியில் பொடி எழுத்தில், ‘இது கல்விக்காக மட்டும்.’

தெரிந்துவிட்டது. இது பாடமும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. பாடம் என்ற போர்வைக்குள் ‘இதை வாங்கு’ என்கிற டிப்ஸ்.

ஆப்பை மூடினேன். மனைவி மைத்ரேயி, “என்னன்னா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

20 ஜூன், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

எழுதக்கூடக் கை கூசுகிறது. ஆனால் நான் எப்படிச் சொன்னேன் என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். “ஆராய்ச்சிங்கறது நமக்காக இன்னொருத்தர் யோசிக்கறது. பாடம்ங்கறது நாமே யோசிக்கக் கத்துக்கறது. மொதல்ல கத்துக்கணும். அதனால கேண்டில் குருகுலம்” என்றேன். தலையாட்டினார்கள். இந்த வாதத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் கேவலம்.

தரம் பார்க்கும் க்யூ.சி.யில் வேலை செய்யும் சாராள் மட்டும் கை தூக்கினார். கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவருக்காக வந்த பணம் பேங்கிலேயே கிடப்பதாக முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார். “சார், யாரு சொன்னாலும் செபில பதிஞ்சிருக்காங்களான்னு பாக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? இவங்க பதிஞ்சிருக்காங்களா?”

“அது ஆலோசனை சொல்றவங்களுக்கும்மா. பாடம் நடத்தறவங்களுக்குத் தேவையில்ல.”

“ஓ. சரி சார்” என்று உட்கார்ந்துவிட்டார்.

27 ஜூன், வெள்ளி

சந்தா கட்டியாயிற்று.

18 ஜூலை, வெள்ளி

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் அதிகம் பேசவேண்டியதில்லை. திரையில் பாடம் ஓடுகிறது. மெழுகுவத்தி கிளாஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இடையில் யாராவது கேட்டால் விளக்குகிறேன்.

எல்லோரையும்விட ஆர்வம் ஸ்டீவனுக்குத்தான். கிரைண்டிங் செக்ஷன். கவரைப்பேட்டையில் வீடு, ஷீட் கூரை. தளம் போடுவதற்காகச் சேர்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்வான். இன்று எல்லோருக்கும் மைசூர்பாக். ஏதோ வாங்கி விற்றதில் லாபமாம். முதல் துண்டை எனக்கு நீட்டினான். “எல்லாம் உங்களாலதான் சார்.”

தின்றேன்.

1 ஆகஸ்ட், வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டீவன் தன் போனைக் காட்டினான். நேரலை வகுப்பு. பயிற்சியாளர் திரையில் கோடு கோடாகப் போட்டபடி, “நான் யாரையும் வாங்கச் சொல்லல நண்பர்களே, நான் என்ன பண்றேன்னு மட்டும் பாருங்க” என்றார். ஸ்டீவன் பார்த்துக்கொண்டே விரலால் அழுத்தினான். ஆப்ஷன். இந்த வாரத்துக்குள் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது. கட்டியபடி நடந்தால் நிறைய. இல்லாவிட்டால் போட்டது மொத்தமும் போய்விடும்.

அப்போதே போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். இது பாடமில்லை ஸ்டீவா, எனக்கு முதலிலேயே தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? தெரிந்தும் ஏன் சார் இதைக் காட்டினீங்க?

“பாத்துப் பண்ணுப்பா” என்றேன்.

எவ்வளவு பெரிய மனுஷத்தனமான வார்த்தை!

22 ஆகஸ்ட், வெள்ளி

பஸ்ஸில் சாராள் என் பக்கத்து சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நீட்டிய போனில் துலாக்கோல் தமிழ்ப் பதிப்பு. சங்கம் வாங்கியது போதவில்லை என்று தானே தேடி, இலவசமாகப் பார்க்கக் கிடைத்ததைப் படித்திருக்கிறார்.

“இங்க பாருங்க சார், நம்ம குதிர!”

அப்படியே இருந்தது. தீனி உட்பட.

பிடிபட்டோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியத்தைப் பாதுகாப்பவர்போலக் கேட்டார்: “சார், இது நீங்கதான் எழுதறீங்களா? வேற பேரு போட்டு? அதான பாத்தேன், ஒரொரு எடத்துலயும் உங்க கொரலே கேக்குது.”

ஒரு சொல் போதும். இல்லை. மூன்றெழுத்து.

சிரித்தேன். சிரிக்க மட்டும்தான் செய்தேன்.

“சொல்ல மாட்டீங்க. தெரியும் சார் உங்கள” என்றார். பெரியபாளையத்தில் இறங்கும்போதும் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

25 ஆகஸ்ட், திங்கள்

கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. செக்யூரிட்டிகூட, “சார், வெப்சைட்லலாம் எழுதறீங்களாமே” என்கிறார். இன்று சரிசெய்யலாம் என்று போனேன். முடியவில்லை. நாளை.

26 ஆகஸ்ட், செவ்வாய்

நாளை.

29 ஆகஸ்ட், வெள்ளி

பொன்னாடை போர்த்தினார்கள்.

சின்னராசுவின் ஏற்பாடு. சரிகை போட்ட பச்சைச் சால்வை. “நம்ம கம்பெனி ஸ்டோர்ஸ்ல குந்திக்கினு ஊருக்கே எழுதறாரு, நம்ம கையில காட்டிக்கவே இல்ல பாரு” என்று அவர் பேசப் பேசச் சால்வைக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. எல்லோரும் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். கடைசி வரிசையில் ஸ்டீவன் கைதட்டவில்லை. கவனித்தேன். கவனிக்காததுபோல இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மைத்ரேயி, “இது யாரு போர்த்தினா?” என்றாள்.

“ஆபீஸ்ல. நன்னா பேசறேன்னு.”

“அப்பாகிட்டக் காட்டுங்கோ. சந்தோஷப்படுவார்.”

காட்டவில்லை. பீரோவில் மைத்ரேயியின் பழைய புடவைகளுக்கு அடியில் செருகிவிட்டேன்.

9 செப்டம்பர், செவ்வாய்

ஸ்டீவன் நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. கிரைண்டிங் சூப்பர்வைசரிடம் கேட்டேன். “ஊட்ல ஏதோ பேஜாரு சார்” என்றார்.

11 செப்டம்பர், வியாழன்

ஸ்டீவன் வீட்டுத் தளத்துக்குச் சேர்த்தது முழுக்கப் போய்விட்டது. கிறிஸ்டினாவின் — அவன் மனைவி — வளையலும். போனதை எடுக்கலாம் என்று அதையும் அடகு வைத்துப் போட்டிருக்கிறான். நேரலை வகுப்பில் ‘இன்று பொறுமையாக இருங்கள் நண்பர்களே’ என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் திரையை அணைத்துவிட்டாராம்.

இதையெல்லாம் ஸ்டீவனே சொன்னான். கேன்டீனுக்கு வெளியே கைகழுவும் குழாயடியில். சத்தம் போடவில்லை. குழாயை மூடி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். அந்த இன்னொரு சைட்டு, துலாக்கோலு. அது நீங்க எழுதறது. அதுல இந்த ஆப்ஷன்லாம் வேணாம், காசு போயிடும்னு ஒரு கட்டுரையே கீது. சாராளக்கா காட்டுச்சு. அவ்ளோ நல்லா தெரிஞ்சவரு, எங்களுக்கு மட்டும் ஏன் சார் அது வேணாம்னீங்க? நல்லத நீங்க வெச்சிக்கினு, எங்களுக்கு ஏன் சார் இத காட்டுனீங்க?”

ஸ்டோர்ஸில் போன் அடிக்கிறது என்றேன். போன் அடிக்கவில்லை. போய்விட்டேன். ஓடினேன் என்றே எழுதலாம்.

12 செப்டம்பர், வெள்ளி

லீவு போட்டேன்.

அவன் என்னைப் பற்றி நினைப்பது தவறு. நான் அதை எழுதவே இல்லை. அந்தத் தவறைத் திருத்த வேண்டுமானால், நான் எழுதியதில்லை என்று சொல்லவேண்டும். அதைச் சொன்னால் அடுத்தது வரும். எழுதாதவன் ஏன் அதை வேண்டாம் என்றான்? அதற்குப் பதில் ஒன்றுதான். நீங்கள் அதைப் படித்துவிடக் கூடாது என்றுதான். என் குதிரை அங்கே நிற்பதைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான்.

இதற்காகவா ஒருவன் தலைக்கு மேல் தளம் இல்லாமல் போகவேண்டும்? ஒரு கைதட்டலுக்கா?

20 செப்டம்பர், சனி

புரட்டாசி முதல் சனி. வீரராகவப் பெருமாள் சந்நிதியில் நிற்க இடமில்லை. கோஷ்டியில் அப்பா இருந்தார். கோயிலில் பாசுரம் சேவிப்பதுதான் அவருக்கு வாழ்நாள் வேலை. குரல் இப்போது கொஞ்சம் நடுங்குகிறது.

பாசுரம் தொடங்கும் முன் தனியன் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து கேட்கிறேன். எந்தப் பாசுரமானாலும் அதைப் பாடியவரை முதலில் வணங்கிவிட்டுத்தான் அடுத்தது. யாருடைய சொல் என்று சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வரிகூட வாயில் வராது. பத்து வயதில் எனக்கும் அப்படித்தான் பழக்கம். ஒரு நாள் தனியனை விட்டுவிட்டு நேராகப் பாசுரத்தைத் தொடங்கி, அப்பாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

கூட்டத்தில் நின்று அழுதேன். பக்கத்திலிருந்தவர் பக்தி என்று நினைத்து வழிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மைத்ரேயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். திட்டவில்லை. “எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போறது? நாளைக்கு ஞாயித்துக்கெழம. அவாத்துக்குப் போங்கோ” என்றாள்.

“என்ன சொல்றது?”

“இப்ப எங்கிட்ட சொன்னேளே. அத.”

21 செப்டம்பர், ஞாயிறு

கவரைப்பேட்டை. ஸ்டீவனும் கிறிஸ்டினாவும் சர்ச்சிலிருந்து திரும்பும்வரை வாசலில் நின்றேன். வீட்டோரம் ஜல்லி குவித்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது.

கிறிஸ்டினா உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டாள். ஸ்டீவன் உட்காரவில்லை. சொன்னேன். படித்தது, பெயர் சொல்லாதது, தமிழ்ப் பதிப்பு வரும் என்று தெரிந்தது, குருகுலம் எப்படிப்பட்டது என்று முன்னமே பார்த்தது, பார்த்தும் அதையே சொன்னது. சாராளிடம் சிரித்தது. நடுவில் ஒரு இடத்தில், ‘ஆனா நான் வேணும்னு’ என்று தொடங்கினேன். அதை முடிக்கவில்லை. வேண்டுமென்றுதான் செய்தேன்.

ஸ்டீவன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கிறிஸ்டினாதான் பேசினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, புரியாத ஆச்சரியம்தான் இருந்தது.

“படிச்சிட்டு வந்துதான சார் சொன்னீங்க? அதுல இன்னா சார் தப்பு? எங்க பாஸ்டரே புக்க பாத்துதான் பேசறாரு. ‘இந்த எடத்துல படிச்சேன், நல்லா இருந்துச்சு’ன்னு சொல்லியிருந்தா நாங்க வேணாம்னா சொல்லியிருப்போம்? அப்பவும் உங்களதான கேட்டிருப்போம்? எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே.”

இவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது. முதல் வாரமே.

என்னால் முடிந்த பணத்தைத் தருகிறேன் என்றேன். அப்போதுதான் ஸ்டீவன் திரும்பினான். “உங்க டப்பு வேணாம் சார். பட்டன அமுக்குனது நானு. அது என் தப்பு. ஆனா உங்கள சும்மா வுட்டன்னு நெனைக்காதீங்க. எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது. எல்லாரு முன்னாலயும் சொல்லணும்.”

சரி என்றேன். கிறிஸ்டினா டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

22 செப்டம்பர், திங்கள்

ஹாலில் கேட்கும் முன் சாராளுக்குத் தெரியவேண்டும் என்று பஸ்ஸிலேயே சொன்னேன். ஸ்டீவனைவிட இது கஷ்டமாக இருந்தது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதைப் பார்த்தேன்.

“நான் எல்லாராண்டயும் சொல்லிட்டேனே சார்” என்றார். “எங்க ஊட்ல, சர்ச்சுல… என் பொண்ணு டீச்சராண்டகூட சொன்னேன். எங்க சார் எழுதறாருன்னு.”

அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

26 செப்டம்பர், வெள்ளி

சொன்னேன். நின்றுகொண்டு, மைக் இல்லாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. பொன்னாடையை மடித்து எடுத்துப் போயிருந்தேன். மேஜைமேல் வைத்தேன். சிலர் சிரித்தார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

சின்னராசு நேராக என் முகத்துக்கு எதிரே வந்தார். “இது சங்கத்து காசு சார். என் பேர சொல்லி வாங்குனேன். நாலு பேரு என்னாண்ட கேப்பாங்க. இன்னான்னு சொல்லுவேன்?” சால்வையைப் பார்த்தார். “இத நீயே எடுத்துனு போ. இத வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது?”

எடுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே.

3 அக்டோபர், வெள்ளி

மதியம் ஸ்டோர்ஸிலேயே சாப்பிட்டேன். டிரெய்னிங் ஹால் பூட்டிக் கிடந்தது.

13 அக்டோபர், திங்கள்

போன வாரம் சின்னராசுவும் நானுமாகக் குருகுலத்துக்குப் புகார் எழுதினோம். அவர் வந்து கேட்டார், நான் எழுதிக் கொடுத்தேன். வேலை விஷயமாகப் பேசுவதுபோலவே பேசினார். சந்தா திரும்ப வராது என்று பதில் வந்துவிட்டது. கல்விக்காக மட்டும் என்று முன்பே சொல்லியிருக்கிறார்களாம். செபிக்கும் எழுதிப்போட்டோம். பதில் இன்னும் வரவில்லை.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. போன வருஷம் கம்பெனி ஆட்களிடமிருந்து காலை முழுக்க வாழ்த்துச் செய்தி வந்துகொண்டிருந்தது.

7 நவம்பர், வெள்ளி

சாராள் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தார். கையுறை வாங்க என்று நினைத்து ரிஜிஸ்டரை எடுத்தேன்.

“அதுக்கு வரல சார். வெள்ளிக்கெழம திரும்ப குந்தறோம். நானு, சின்னராசண்ணன், இன்னும் கொஞ்சம் பேரு. இந்த தடவ எவனோ சொல்றான்னு வாங்கல. ரெண்டு மூணு எடத்த இலவசமா பாத்துக்கினு இருக்கோம். எது புரியுதோ, எது பதிஞ்சிருக்கோ, அத எடுத்துக்கலாம்னு. ஒரு கம்பெனியோட வருஷ அறிக்கை வாங்கியிருக்கோம். அது இங்கிலீஷுல கீது.”

நிறுத்தினார். ரிஜிஸ்டரை மூடி வைத்தேன்.

“படிச்சுச் சொல்ல ஆளு வேணும். கதலாம் வேணாம். அதுல இருக்கறத மட்டும்.”

வருகிறேன் என்றேன். “இருக்கறத மட்டும்” என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனார்.

14 நவம்பர், வெள்ளி

பத்துப் பேர்கூட இல்லை. சுவரோரம் உட்கார்ந்து வாசித்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்க எண்ணைச் சொன்னேன். இரண்டு இடத்தில் எனக்கே விளங்கவில்லை. விளங்கவில்லை என்றேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. சாராள் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, “அடுத்தது சார்” என்றார்.

ஸ்டீவன் வரவில்லை.

21 நவம்பர், வெள்ளி

இன்று ஸ்டீவன் வந்தான். கதவோரம் நின்று கேட்டுவிட்டு, முடிவதற்குள் போய்விட்டான். என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு எதிர்ப்பக்க சீட்டில் உட்கார்ந்தான். வேறு இடமும் காலியாகத்தான் இருந்தது. கும்மிடிப்பூண்டி தாண்டியதும் முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

“மத்தியானம் படிச்சீங்களே, கோர்ட்டு கேஸ்ல கீற பணம், தோத்தா கட்டணும்னு. அத கடன்ல சேப்பாங்களா, சேக்க மாட்டாங்களா?”

“எனக்கு சரியாத் தெரியல ஸ்டீவன். வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அவன் தலையைத் திருப்பினான். செப்டம்பருக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தான்.

“எங்க பாப்பீங்க?”

சொன்னேன். எந்தத் தளம், அதில் எந்தப் பகுதி, எழுதுகிறவர் பெயர் எல்லாம் சொன்னேன். ஸ்டீவன் போனை எடுத்து, எழுத்துக்கூட்டி அடித்துக்கொண்டான். ஒரு எழுத்து தவறியது. சொன்னேன், திருத்திக்கொண்டான்.

கவரைப்பேட்டை வந்ததும் இறங்கிப்போனான்.